டார்ச் அடித்தால் கரையான் சாகுமா?

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட ஜோடித்தது இல்லை. பொய்யென்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

டாக்டரம்மாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் மரப் பட்டறைக்காரர் சட்டமாக உட்கார்ந்து, கட்டைவிரலால் தம் கழுத்துக்குக் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தார். "அறுத்து எறிஞ்சிடுங்க டாக்டர். இந்த வெளிச்ச வைத்தியமெல்லாம் நமக்கு வேணாம்."

பின்னால், சுவரோரப் பெஞ்சில், அவர் மனைவி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அதை விழுங்குவதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெளிச்சம் இல்லைங்க, கதிர்வீச்சு" என்றார் டாக்டரம்மா, மூன்றாம் தடவையாக. "புற்று நல்லா முத்தியிருக்கு. ஆபரேஷன்னா குரல்வளையையே எடுக்கணும், பேச்சு போயிடும். கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தா குரலைக் காப்பாத்த வாய்ப்பிருக்கு. வாரக்கணக்குல தொண்டை புண்ணாகி எரியும், அது நிஜம். அப்படியும் கரையலைன்னா அப்போ கத்தி."

"டார்ச் அடிச்சா கரையான் சாகுமா? அரிச்ச கட்டையை அறுத்துட்டு ஒட்டுப் போடணும். எனக்கு இதுதான் தொழிலே!"

"இது கட்டை இல்லைங்க, கழுத்து."

"பேச்சு போனா போகட்டும். பேசி என்ன கோட்டையா கட்டப் போறோம்? உசிரு இருந்தா போதும் டாக்டர்." கடைசியில் அவர் குரல் உடைந்தது. துளி அரிப்பை விட்டுவைத்த கதவு ஒரே மழைக்காலத்தில் உளுத்துக் கொட்டியதைப் பார்த்தவர் அவர். அந்தப் பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் போட்டார். பட்டறைக்காரரின் தோளுக்கு மேலாகப் பெஞ்சை எட்டிப் பார்த்தார். "அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

"அவளை எதுக்குக் கேக்குறீங்க? எங்க வீட்டுல பேசுறதெல்லாம் நான்தான்."

"அதைத்தானே வந்ததுலேருந்து பாக்குறேன்!"

பட்டறைக்காரர் மேஜையை ஓங்கித் தட்டினார். "பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க. நாளைக்கே படுக்க வைக்கச் சொல்லுங்க. நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்!"

மனைவி எழுந்து வந்தாள். கணவர் வாயெடுக்குமுன் கையை நீட்டி அவரை அடக்கினாள். உப்புத்தாளால் தேய்த்தது போலக் கரகரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்:

"டாக்டர், இவரைக் கொஞ்சம் வெளியில உக்கார வைங்க. கட்டி என் தொண்டையிலதானே இருக்கு?"