கழற்ற முடியாத சுமை

ஞாயிறு மதியம், ஜெலாப்பாங்கில் உள்ள தங்கள் வீட்டு ஹாலில் கிளாரிசாவும் தம்பி ரோய்ஸ்டனும் மறுபடியும் பனி டிராகனுடன் மோதத் தயாரானார்கள். பல வாரமாக அவர்கள் தோற்றுவந்த வீடியோ கேம் அது.

“இரும்புக் கவசம் வேணாம்லா அக்கா. சுமை கொறஞ்சாதான் உருண்டு தப்பிக்கலாம்.”

கிளாரிசா தன் வில்வீராங்கனையின் கவசம், கேடயம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றினாள். வில் மட்டும் மிச்சம். அதன் எடை இரண்டு. திரையில் சுமை பதினான்கோடு நின்றுவிட்டது.

“ஏன்டா ரெண்டா கொறையல?”

ரோய்ஸ்டன் கேமராவைத் திருப்பினான். வீராங்கனை, முதுகில் பிள்ளையைச் சுமப்பவள்போல் லேசாகக் குனிந்து நின்றாள். முதுகில் எதுவும் இல்லை.

“கேம்ல ஏதோ கோளாறு. பரவால்ல, அடிச்சுப் பாப்போம்லா!”

டிராகன் பின்னாலிருந்து பாய்ந்தபோதெல்லாம், கிளாரிசா பொத்தானைத் தொடுமுன்பே வீராங்கனை உருண்டு விலகினாள். அம்பு ஒன்றும் தவறவில்லை. டிராகன் சரிந்தது. இருவரும் சோபாவில் ஏறிக் குதித்தார்கள்.

“அக்கா, சுமை ரெண்டாயிருச்சு!”

வீராங்கனை நிமிர்ந்து நின்றாள். அவள் காலடியிலிருந்து சின்னஞ்சிறு பாதச் சுவடுகள் பனியில் ஒவ்வொன்றாகப் பதிந்து, திரையின் விளிம்பை நோக்கி ஓடிவந்தன.