கயிறு பிடிக்கிறவன்

தம்பி அழுது முடிக்கும்வரை அக்கா எதுவும் கேட்கவில்லை. துண்டை நனைத்து வந்து, இடது கையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"இப்ப சொல்லு," என்றாள்.

கஞ்சாவை விட்டுவிட வேண்டும் என்றான். பலமுறை விட்டுப் பார்த்தாயிற்று, ஒரு தடவையும் ஒரு வாரம் தாண்டவில்லை, தன்னால் தனியாக ஆகாது, எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்றான்.

"நேத்து மாமாவைக் கொன்னிருப்பேன் அக்கா."

அவனும் அக்கா புருஷனும் உயரக் கட்டடங்களின் கண்ணாடி துடைப்பவர்கள். மாமா பலகையில் உட்கார்ந்து வெளியே தொங்குவார். இவன் மொட்டைமாடியில் நின்று கயிறு விடுவான். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் இறக்க வேண்டும், இரண்டு வந்தால் நிறுத்த வேண்டும். அந்தத் தொழிலில் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைத்துக்கொள்வார்கள். கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனுக்கும் கை வராது என்று ஒரு கணக்கு.

நேற்று இரண்டு இழுப்பு வந்தது. புகை மயக்கத்தில் இவனுக்கு ஒன்றாகப் பட்டது. விட்ட கயிறு கையை மீறி ஓடி, ஒரு மாடி கீழே போன பிறகுதான் பிடி கிடைத்தது. கயிறு ஈரம் என்று சொல்லிச் சமாளித்தானாம். மாமாவும் திட்டித் தீர்த்துவிட்டு அதோடு மறந்துவிட்டாராம்.

"பலகை நழுவினாலும் விழாம இருக்க இடுப்புக் கயிறுன்னு ஒண்ணு உண்டே, அதைக் கட்டலையா அவரு?"

"எங்க கட்டறாரு. வேலை ஓடலைன்னு அவுத்துப் போட்டுடறாரு. சொன்னா, நான் என்ன கட்டிப்போட்ட மாடாடான்னு கேக்கறாரு."

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். மாமா இல்லை, வேறு யாரோ. மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

எங்கே போகலாம் என்று இருவரும் யோசித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லாமல் பார்க்கிறார்கள், வாரம் ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வந்தால் போதும் என்றாள் அக்கா. கைக்குக் கட்டுப் போடப் போனபோது வரிசையில் நின்றபடி சுவரொட்டி முழுவதையும் படித்திருக்கிறாள்.

"நீ எப்படி விழுந்தே?"

"குளிக்கிற எடத்துல வழுக்கிடுச்சு."

"போன தடவையும் அங்கதானே? மாமாகிட்ட சொல்லித் தரையை மாத்து."

"சொல்லிப் பாக்கறேன்," என்று சிரித்தாள்.

ஊருக்கு வெளியே, தங்கவைத்துக் குணப்படுத்தும் இல்லம் ஒன்றும் உண்டு. அங்கேயே போய்விடுகிறேன், இங்கிருந்தால் கூட்டாளிகள் சும்மா விடமாட்டார்கள் என்றான் தம்பி. அக்காவும் சரியென்றுதான் தலையாட்டினாள். எந்தப் பையில் துணி எடுத்துப் போவது, போர்வை அவர்களே கொடுப்பார்களா என்பதுவரை பேச்சு போயிற்று.

"நீ போயிட்டா கயித்தை யாரு பிடிப்பா?"

"மேஸ்திரியோட ஆள் ஒருத்தன் இருக்கான். டீ கூடத் தொடமாட்டான். போட்ட முடிச்சையே திரும்பத் திரும்ப இழுத்துப் பாப்பான். இடுப்புக் கயிறு கட்டாத ஆளை எறக்கவே மாட்டான். மாமா அவன் கையில பத்திரமா இருப்பாரு, நீ பயப்படாதே."

அக்கா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தவள் வேறு மாதிரி பேசினாள். அந்த இல்லத்தில் அடிப்பார்களாம், சங்கிலி போடுவார்களாம், பக்கத்து வீட்டு அம்மா சொன்னாளாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சீட்டு எழுதும் இடத்திலேயே பேரைக் கூவுவார்கள், அப்புறம் எவன் உனக்குப் பெண் கொடுப்பான் என்றாள். போனில் பேசி ஆலோசனை கேட்கிறேனே என்று அவன் இழுத்தான். முகம் தெரியாதவனிடம் குடும்ப மானத்தை ஒப்பிக்கப் போகிறாயா என்று அதற்கும் முட்டுக்கட்டை போட்டாள்.

"அப்ப இன்னையிலேருந்து நானே நிறுத்திடறேன்க்கா." சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"பைத்தியம். திடீர்னு விட்டா தூக்கம் போயிடும்னு அந்த ஆஸ்பத்திரிச் சுவத்துலயே போட்டிருந்துது. கை நடுங்கும், சுருக்குனு கோவம் வரும். நடுங்கற கையில அவரைத் தொங்க விடப்போறியா?"

இது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"மழைக்காலம் முடியட்டும், பாத்துக்கலாம். அதுவரைக்கும் வழக்கம்போல இரு. மாமா உசுருக்காகவாவது."

பொட்டலத்தை அவளே அவன் பைக்குள் திரும்ப வைத்து, பொத்தானையும் போட்டுவிட்டாள்.

தம்பிக்கு நெஞ்சு லேசாயிற்று. திட்டு விழும், வீட்டை விட்டே துரத்துவாள் என்று எண்ணி வந்தவன் அவன். மாமா காதில் எதுவும் போட்டுவிடாதே என்று கெஞ்சினான். போடமாட்டேன் என்று அவன் தலையைக் கோதினாள்.

வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். மதியத்துக்கு என்ன கட்டிக்கொடுக்கட்டும் என்று தினமும் கேட்கிற அதே குரலில் அக்கா கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை மாடிடா?"