அட்டை வகைப் பிழை

எங்கள் மென்பொருளில் பெரிய பிழைக்குப் புலி என்று பெயர். சின்னப் பிழைக்கு அட்டை. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த கணேஸ் வைத்த பெயர்கள். அட்டை இரத்தம் குடிக்கும், ஆளைக் கொல்லாது; ஆறுதலாகப் பிடுங்கிக்கொள்ளலாம்.

பஸ்ஸுக்குள் எத்தனை பயணிகள் என்று எங்கள் கமரா எண்ணி, போனில் காட்டும். அன்று முதல் ஓட்டம். குட்ஷெட் பஸ் நிலையத்தில், பஸ்ஸுக்கு வெளியே நின்று பார்த்தோம். வெற்று பஸ்ஸுக்கு ‘1’ என்று காட்டியது.

“அட்டதான் ஸுமைரா! எப்பவும் ஒண்ணக் கழிக்கச் சொல்லிட்டாப் போச்சு!”

கணேஸ் தட்டினான். ‘0’ வந்தது. துள்ளிக் கைதட்டினேன்.

நாங்களும் ஏறினோம். ஆட்கள் ஏற ஏற எண் பிசகாமல் கூடியது.

“அல்லாஹ், சரியா வருது கணேஸ்!”

பல்லேகலயில் பஸ் நின்றது. யாரும் எழும்பவில்லை. கொண்டக்டர் மட்டும் படியில் ஒதுங்கி, “பாத்து இறங்குங்க” என்றார். எண்ணில் ஒன்று குறைந்தது.

திகனயில் எல்லோரும் இறங்கினோம். கணேஸ் சிரித்தபடி போனை நீட்டினான்.

“இன்னொரு அட்ட!”

வெற்று பஸ்ஸுக்கு ‘-1’ என்று இருந்தது. நாங்கள் கழித்தது இன்னும் கழிந்துகொண்டிருந்தது. கழிக்கப்பட்டவர்தான் பல்லேகலயிலேயே இறங்கிவிட்டார்.