இதரச் செலவுக்கு இலக்கமில்லை

மனேச்சர் ஏரம்பர் வந்த கோபத்தில் தேத்தண்ணியைக்கூடத் தள்ளி வைத்தார். மாங்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர்களின் கூட்டுறவுச் சங்கம் அது. ஊரில் வேறு ஆளில்லாததுபோல, கணக்கெழுதச் சொந்த மருமகன் சிவநேசனையே கொண்டுவந்து வைத்தார். வந்தவன், செலவு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் என்று புதிய முறையொன்றை எழுதி நீட்டினான்.

"சாக்குக்கு ஒண்டு, லொறிக் கூலிக்கு ரண்டு... இதரச் செலவுக்கு எங்கை தம்பி இலக்கம்?"

"அதுக்கு இல்லை மாமா. இனி ஒண்டையும் இதரமெண்டு எழுதேலாது."

மகளையும் கொடுத்து, வேலையும் கொடுத்தவருக்கு முதுகில் குத்து.

"அப்ப இவ்வளவு காலமும் நான் எழுதினது பிழையோ?"

"பிழையெண்டு சொல்லேல்லை. பழைய இதரச் செலவையும் பிரிச்சு இலக்கம் போடவேணும். அதிலைதான் ஒரு இடத்திலை நிக்கிறன்."

"என்ன இடம்?"

"போன வருசம் ரண்டு லொறி ஓடு வாங்கினதெண்டு கிடக்கு. சங்கத்துக் கடை, களஞ்சியம், நாங்கள் இருந்து கணக்கெழுதிற இந்தக் கந்தோர், எல்லாம் தென்னோலைக் கிடுகுக் கூரைதானே மாமா. அந்த ஓடெல்லாம் எங்கை போச்சு?"

ஏரம்பர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார். திரும்பியபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நான் உனக்குத் தந்த சீதன வீடு, கிடுகாலையோ தம்பி மேஞ்சு கிடக்கு?"