பக்கமெல்லாம் ஊசித் துளை

வீட்டுக்காரரின் வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தவளுக்கு ஊசி கிடைக்கவில்லை. நூல்கண்டு இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, ஊசியை மட்டும் காணோம். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

தேடிப் பார்த்தால், மகளின் படப்புதிர்ப் புத்தகத்தில் குத்தியிருந்தது.

நூலைக் கோத்துக்கொண்டே ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பெரிய காட்டுப் படம். அதற்குள் குடை, மீன், சீப்பு என்று பத்துப் பொருள் ஒளிந்திருக்கும், கண்டுபிடிக்க வேண்டும். பத்துப் பொருளின் ஓரத்தைச் சுற்றியும் ஊசித் துளை. பின்பக்கமிருந்து குத்தியதில் முன்பக்கம் கடுகளவு மேடு தட்டியிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது.

தினமும் சாயங்காலம் அப்பாவுக்கும் மகளுக்கும் இதில்தான் போட்டி. முதலில் அவர் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. வாலு, அவரைத் தாத்தா என்று கேலி செய்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக அவர்தான் ஜெயிக்கிறார். அதுவும் எப்படி? கண் எங்கேயோ இருக்கும், விரல் மட்டும் படத்தைத் தடவிக்கொண்டே போகும். இதோ குடை என்பார்.

ஏழு வயசுப் பிள்ளையிடமே போங்காட்டம் ஆடுகிற மனுஷன், வெளியில் என்னென்ன ஆடுகிறாரோ. போன மாதம் வேனின் பக்கக் கண்ணாடி உடைந்ததற்கு, நின்ற வண்டியில் எவனோ இடித்துவிட்டுப் போனான் என்றாரே, அதுவும் இந்த லட்சணம்தானோ.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள்.

“அப்பாதானே இதக் குத்தினாரு? மறைக்காம சொல்லு.”

வாலு கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவின் காதோரம் வந்தது.

“நான்தாம்மா. அப்பாவுக்குப் படமே தெரியல. கிட்ட வெச்சுக் காட்டினாலும் தெரியல. பாவமா இருந்துச்சு, அதான் தடவிப் பாக்கறதுக்குக் குத்தி வெச்சேன். உங்கிட்ட சொன்னா, நீ அவர வேன் ஓட்ட விட மாட்டியாம். நான் சொன்னேன்னு சொல்லிடாத.”

ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு வெளியே பார்த்தாள். வாசலில் பள்ளிக்கூட வேன் நிற்கிறது. தினமும் பதினாலு பிள்ளைகள். முன் சீட்டில் இவள் பெற்றது.

“இந்தா, வேன் சாவிய எங்க வெச்ச?” கூடத்திலிருந்து அவர் குரல்.

எட்டிப் பார்த்தாள். சாவி எப்போதும் போல ஆணியில், அவர் மூக்குக்கு நேராகத் தொங்கியது. அவர் கை பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

சட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். சாவியை எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுதுங்க. ஆனா இன்னிக்கு இத உங்க கையில...”