மூன்றாவது காது

மகிழினி வீட்டுக் குவாண்டம் போனில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பேசுகிற இருவரைத் தவிர வேறு யாராவது ஒட்டுக்கேட்டால் அது சிவக்கும். கேட்பது யார் என்று மட்டும் சொல்லாது.

சேலத்திலிருக்கும் தங்கை ஆதினியோடு பேசும்போதெல்லாம் கொஞ்ச நாளாகவே சிவப்புதான். புருஷன் கவினைக் கேட்டால், "லைன்ல ஏதாவது கோளாறா இருக்கும், விடு" என்கிறான். கம்பெனிக்காரனோ, "அந்த விளக்கு பொய் சொல்லாதும்மா" என்று அடித்துச் சொல்கிறான்.

மகிழினிக்கு மனசு ஆறவில்லை. நேற்று விளக்கு சிவந்ததும் வேண்டுமென்றே தங்கையிடம் புலம்பினாள்: "இடது முழங்கால் வலி உயிர் போகுதுடி. இவருகிட்ட நான் மூச்சு விடல. பாவம், பயந்துருவாரு."

உண்மையில் அவளுக்குக் கால்வலியே கிடையாது.

இன்று சாயங்காலம் கவின் தைலப் பாட்டிலோடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"எதுக்குங்க இது?"

"நாள் பூரா நின்னுகிட்டே வேலை செய்யற. கால் வலிக்குமேன்னு வாங்கினேன்."

எந்தக் கால் என்று கேட்கவில்லை. இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலில் இதமாகத் தேய்க்க ஆரம்பித்தான்.

வலியே இல்லாத அந்தக் காலை மகிழினி மெல்ல இழுத்துக்கொண்டாள்.