பேக்கப் எடுக்காத டேப்லெட்

பெரிய அப்டேட் ஒன்றைப் போட்டதிலிருந்து டேப்லெட் கறுப்புத் திரையைக் காட்டி அடம்பிடிக்க, கணவரும் மனைவியும் அதைக் கடைக்குத் தூக்கி வந்திருந்தார்கள்.

"ரீசெட் பண்ணினாத்தான் உயிர் வரும் சார். உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுடும். பேக்கப் இருக்கா?" என்றான் மெக்கானிக்.

கணவர் தலைகுனிந்தார். "அது கேக்கறப்பெல்லாம் 'பிறகு'ன்னு அமுக்கிட்டேன் தம்பி."

மனைவி வாயே திறக்கவில்லை. மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது.

"குடுத்து வெச்சவர் சார் நீங்க. எங்க வீட்டுலன்னா இந்நேரம் என்னை உரிச்சுத் தொங்கவிட்டிருப்பாங்க."

கணவர் சிரிக்கவில்லை. "எல்லாக் கடையிலயும் ரீசெட்தான்னு சொல்றாங்க. பண்ணிடுங்க."

அரை மணியில் டேப்லெட் ஒன்றுமே தெரியாத பச்சைக்குழந்தையாய் விழித்துக்கொண்டது.

"பாட்டு, படமெல்லாம் மறுபடி ஏத்திக்கலாம் சார்."

"பாட்டு இல்ல தம்பி. தொண்டையில ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி, இனிமே குரல் வராதுன்னு, இவ தன் குரல்லயே பேசிப் பதிஞ்சு வெச்ச வார்த்தைங்க. பட்டனைத் தொட்டா பேசும்."

மெக்கானிக்கின் முகம் செத்துவிட்டது. "மன்னிச்சுடுங்கக்கா."

மனைவி டேப்லெட்டை வாங்கி, வெற்றுத் திரையின் இடது மூலையை விரலால் தொட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"என்ன சார் சொல்றாங்க?"

"அந்த இடத்துலதான் 'பரவாயில்ல' இருந்துச்சு" என்றார் கணவர்.